ஆடியோ புக் வாசிக்க ஆசையா? நெல்லையில இருந்துக்கிட்டே எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்லுதேன்

"உங்க வாய்ஸ் நல்லாருக்கே, ஆடியோ புக் வாசிக்கலாமே"ன்னு யாரோ சொன்னத மனசுல வச்சுக்கிட்டு மைக் வெல பாத்துட்டு இருக்கிறவங்க நம்ம ஊர்ல இப்ப நெறைய பேரு இருக்காங்க, பாளையில காலேஜ் படிக்கிற பிள்ளைங்க, பெருமாள்புரத்துல வீட்ல இருக்கிற அக்காமாரு, ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியாருங்கன்னு. அவங்களுக்காகத்தான் இத எழுதுதேன். மைக் பைய வாங்கிக்கலாம். மொதல்ல ஒரு நாவல எடுத்து வீட்ல ஒரு ஆள உக்கார வச்சு முழுசா ஒரு மணி நேரம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. கேக்குறவங்க கொட்டாவி விடுதாங்களா, போன எடுக்காங்களா, இல்ல நீங்க நிறுத்துனதும் "பொறவு என்னாச்சு"ன்னு கேக்காங்களான்னு பாருங்க. அப்படிக் கேட்டா நீங்க இந்த வேலைக்கு ஆளு. "ஒங்க வாய்ஸ் சூப்பர்"ன்னு மட்டும் சொன்னா இன்னும் கொஞ்சம் பழகணும்னு அர்த்தம், ஏன்னா அவங்க கதைய விட்டுட்டு உங்க குரலக் கேட்டுட்டு இருந்திருக்காங்க.

யாருக்கு வாசிக்கிறோம்னு தெரிஞ்சா பாதி சந்தேகம் தீந்துரும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துற அக்காமார நெனச்சுக்கோங்க, கையும் கண்ணும் எலையில இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். தென்காசி பஸ்ல ஜன்னலோரம் இருக்கிறவரு, ராத்திரி தூக்கம் வராத ஒரு தாத்தா, இவங்கல்லாம் நம்ம ஆளுங்க. அப்புறம் கண்ணு தெரியாதவங்க, சொல்லப்போனா அவங்களுக்காகத்தான் இந்த வேலையே பொறந்துச்சு. அமெரிக்காவுல 1934-ல, இங்கிலாந்துல 1935-ல பேசும் புத்தகம்னு இசைத்தட்டுல பதிஞ்சு பார்வையில்லாதவங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க, இங்கிலாந்துல அதுக்கு மொதல் காரணமே முதல் உலகப் போர்ல கண்ணு போன சிப்பாய்ங்கதான். நம்ம பாளையங்கோட்டையில பார்வையற்றோர் பள்ளி 1890-லயே வந்துட்டு. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்லுறது, ரெக்கார்டிங்குக்கு முன்னாடி பார்வை இல்லாத ஒரு காலேஜ் மாணவருக்கு கொஞ்ச நாள் பாடம் வாசிச்சுக் காட்டுங்க. "அக்கா, அந்த வரி முடிஞ்சுட்டா, இன்னும் இருக்கா?"ன்னு அவரு கேப்பாரு பாருங்க, அந்த ஒரு கேள்வியில வாக்கியத்த எங்க எறக்கி முடிக்கணும்னு உங்களுக்கு வெளங்கிரும். எந்த கோர்ஸும் அவ்ளோ சீக்கிரம் அதச் சொல்லித்தராது.

சரி, புஸ்தகம் கைக்கு வந்துட்டுன்னு வைங்க. முழுசா ஒரு தடவ வாசிக்காம ஒரு வரி கூட ரெக்கார்டு பண்ணாதீங்க. நேரமில்ல, அவசரம்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. முன்னூறாவது பக்கத்துல எழுத்தாளரு "சுப்பையா தன்னோட கட்டைக் குரல்ல சொன்னான்"னு எழுதிருப்பாரு, நீங்க அதுவரைக்கும் சுப்பையாவுக்கு கீச்சுக் குரல் குடுத்து பதினோரு அத்தியாயம் முடிச்சிருப்பீங்க, அம்புட்டையும் திரும்ப வாசிக்கணும். வாசிக்கும்போதே ஒரு நோட்டுல ஆளு பேரு, வயசு, ஊரு, யாருகிட்ட எப்படிப் பேசுவாரு, உடம்பு முடியாதவரா, வெத்தல போடுறவரான்னு எழுதி வைங்க. வெத்தல போடுறவரு பேச்சு வேற மாதிரி இருக்கும்லா.

அதே நோட்டுல இன்னொரு பக்கம் உச்சரிப்புக்கு. தமிழ்ல க, ச, ட, த, ப எல்லாத்துக்கும் ஒத்த எழுத்துதான், அதனால எழுத்தப் பாத்து மட்டும் முடிவு பண்ண முடியாது. கங்கைகொண்டான் எப்படி ஆரம்பிக்கும், களக்காடு எப்படி ஆரம்பிக்கும்னு நமக்குத் தெரியும், சென்னையில இருந்து வாசிக்கிறவருக்குத் தெரியணும்னு இல்ல. பாபநாசத்துல மொத பா-வும் ரெண்டாவது ப-வும் ஒரே சத்தம் கெடையாது. அதே மாதிரி நமக்குத் தெரியாத ஊரு, தெரியாத சாதிப் பட்டம், பழைய ஜமீன் பேரு, அரபுச் சொல்லு, மேலப்பாளையத்து முஸ்லிம் வீட்டுல புழங்குற சொல்லு, இதெல்லாம் வந்தா ஊகிக்காதீங்க, அந்த ஊர்க்காரங்ககிட்ட போன் போட்டுக் கேளுங்க. எழுத்தாளரு உயிரோட இருந்தா அவர்கிட்டயே மொத்தமா ஒரு லிஸ்ட்டு அனுப்பி வாய்ஸ் மெசேஜ்ல சொல்லச் சொல்லுங்க, பெரும்பாலும் சந்தோஷமா சொல்லுவாங்க. வருஷம், ரூவா, எண் எல்லாத்தையும் எப்படிச் சொல்லப் போறோம்னும் அப்பமே முடிவு பண்ணிருங்க. 1947-ஐ ஒரு எடத்துல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழுன்னும் இன்னொரு எடத்துல பத்தொம்பது நாப்பத்தேழுன்னும் வாசிச்சா கேக்குறவரு தடுக்கி நிப்பாரு.

ல, ள, ழ பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பாவே பேசுவேன். நம்ம பக்கம் பேச்சுல ழ-வ ள-வா சொல்லிப் பழகிட்டோம், வாளப்பளம்னுதான் வாயில வரும், பேச்சுல அது ஒரு தப்பும் இல்ல. ஆனா கதை சொல்ற குரல் எழுத்துத் தமிழ்ல போகும்போது வாழ்க்கைய வாள்க்கைன்னு சொன்னா கேக்குறவங்களுக்கு உறுத்தும். ள-வுக்கு நாக்கு மடங்கி மேலண்ணத்தத் தொடும், ழ-வுக்கு மடங்கும் ஆனா தொடாது, அவ்ளோதான் வித்தியாசம். வாலை, வாளை, வாழை. தாலி, தாளி, தாழி. தெனம் காலையில பல்லு வெளக்குனதும் ஒரு பத்து நிமிஷம் இத சொல்லிட்டு அன்னிக்கு பேப்பர்ல ஒரு பக்கத்த சத்தமா வாசிங்க. வேகம் கூடும்போதுதான் நாக்கு பழைய வழக்கத்துக்குப் போகும், அதனால மெதுவா சொல்ல வந்ததும் நிறுத்திராதீங்க, வேகமாவும் சொல்லிப் பழகுங்க.

இதுக்கு அப்படியே எதிரா இன்னொண்ணு சொல்லுதேன், இதுதான் நான் இத எழுத உக்காந்ததுக்கே காரணம். வசனம் வரும்போது நம்ம ஊரு பேச்ச ஒளிச்சு வைக்காதீங்க. நெல்லைக் கதைய வெளியூர்க்காரங்க வாசிச்சு நெறைய கேட்டுட்டேன், ஏலேன்னு வந்தா போதும், தொண்டையக் கிழிச்சு கத்துறாங்க, கையில அருவா இருக்கிற மாதிரி. நம்ம வீட்டுல அப்படியா பேசுதோம்? ஆச்சி பேரன சாப்பிடக் கூப்பிடுற ஏலே வேற, டீக்கடையில சேக்காளி கூப்பிடுற ஏலே வேற, அப்பா கோவத்துல சொல்லுற ஏலே வேற. வே-ங்கிறது சம வயசு ஆம்பளைங்களுக்குள்ள புழங்குறது, அதுக்குள்ள ஒரு மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு. அண்ணாச்சின்னு மளிகைக்கடைக்காரரக் கூப்பிடுறதுக்கும் சொந்த அண்ணனக் கூப்பிடுறதுக்கும் இழுப்பு வேற. ஏட்டி, ஏளான்னு பொம்பளப் பிள்ளைங்கள கூப்பிடுறதுல பாசம்தான் முக்காவாசி. "அவிய வந்தாவளா?"ன்னு மைனி கேக்கும்போது அந்தக் கடைசி எழுத்து எம்புட்டு மேல போகும்னு நமக்குக் காதுல இருக்கு. இத காசு குடுத்து யாரும் கத்துக்க முடியாது, நம்மகிட்ட பொறந்ததுல இருந்து இருக்கு. அதே சமயம் நாகர்கோவில் பேச்சு வேற, தூத்துக்குடி கடக்கரைப் பேச்சு வேற, கல்லிடைக்குறிச்சி அக்ரகாரப் பேச்சு வேற. எல்லாத்துக்கும் ஒரே ஏலேவப் போட்டு ஒப்பேத்தாதீங்க, நமக்கு அவங்க செய்யுறதத்தான் நாம அடுத்தவங்களுக்குச் செய்யுறதா ஆயிரும்.

ஒரு சின்ன துண்டு எடுத்துக் காட்டுதேன், இதுக்காக நானே எழுதுனது.

ராத்திரி மழை விட்டிருந்தது. ஆச்சி தாழ்ப்பாளை நீக்கிக் கதவைப் பாதி திறந்து பார்த்தாள்.
"யாருலே அது இந்நேரத்துல?"
"நாந்தான் ஆச்சி, வடக்குத் தெரு மணி."
"மணியா... உள்ள வா. அப்பன் எப்படி இருக்கான்?"
மணி பதில் சொல்லவில்லை.

அடுத்த பக்கத்துல மணியோட அப்பா எறந்துட்டாருன்னு வருதுன்னு வைங்க. முழுசா வாசிச்சவங்களுக்கு அது தெரியும், ஆனா தெரிஞ்சது குரல்ல வந்துறக் கூடாது. மொத வரிய சோகமா ஆரம்பிச்சா கதை அங்கயே முடிஞ்சு போச்சு. மழை விட்ட ராத்திரி, அவ்ளோதான், சாதாரணமா சொல்லுங்க. கதவு பாதிதான் தொறந்திருக்கு, அப்ப ஆச்சி சத்தமா கேக்க மாட்டா, அக்கம்பக்கம் தூங்குது, கொஞ்சம் பயமும் இருக்கும், அதனால யாரு-ங்கிறதுல அழுத்தம், லே வாய்க்குள்ளயே அமுங்கிரணும். மணி சொல்லுற வரியில "நாந்தான் ஆச்சி"க்கு அப்புறம் ஒரு சின்ன எடவெளி, அவன் வேற எதையோ சொல்ல வந்து பேர மட்டும் சொல்லுறான். "மணியா"ன்னதும் ஆச்சிக்கு பயம் போயிட்டு, குரல் தெறக்கும், "உள்ள வா" நல்லா வெளிச்சமா வரணும், "அப்பன் எப்படி இருக்கான்" எந்த யோசனையும் இல்லாம கேக்குற வழக்கமான விசாரிப்பு. அந்தக் கேள்வி எம்புட்டு சாதாரணமா இருக்கோ அம்புட்டுக்கு அடுத்த வரி கனக்கும். கடைசி வரிக்கு முன்னாடி வழக்கத்த விட ஒரு மூச்சு கூட நிறுத்திட்டு, அழுகை கிழுகை எதுவும் இல்லாம வாசிச்சுட்டு நகந்துருங்க. கேக்குறவங்க அழணும், நாம அழுதுட்டா அவங்களுக்கு செய்ய ஒண்ணுமில்ல.

பென்சில்ல குறிச்சுக்கோங்க, சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெருசுக்கு ரெண்டு, பேசுறது யாருன்னு ஓரத்துல மொத எழுத்து. தமிழ்ல "என்றான் மணி"ங்கிறது பெரும்பாலும் வசனத்துக்குப் பின்னாடிதான் வரும், வாசிக்க ஆரம்பிக்கும்போது யாரு பேசுதான்னு நமக்கு முன்கூட்டியே தெரியணும். டேப்லெட்ல வச்சு வாசிச்சா தாள் பொரளுற சத்தம் இருக்காது.

ஆளுக்கொரு குரல் மாத்தணுமான்னு எல்லாரும் கேக்காங்க. நம்ம கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருக்கீங்கள்லா, அங்க உள்ள ஆள நல்லா கவனிங்க. ராஜாவும் அவருதான், ராணியும் அவருதான், எதிரியும் அவருதான், ஆனா மிமிக்ரி பண்ண மாட்டாரு. வேகத்த மாத்துவாரு, தலையத் திருப்புவாரு, ஒரு சொல்ல இழுப்பாரு, பக்கத்துல "ஆமா" போடுறவரு கேக்குற மாதிரி நிறுத்துவாரு. நமக்கு அதுவே தாராளம். ஆம்பளைங்க பொம்பளக் குரல்ல வாசிக்கிறேன்னு கீச்சிட வேண்டாம், கொஞ்சம் மெதுவா, மூச்சக் கொஞ்சம் கொறச்சு வாசிச்சாலே காது ஏத்துக்கும். வயசானவங்களுக்கு குரல நடுக்காதீங்க, சொல்லுக்கு நடுவுல எடவெளிய மட்டும் கூட்டுங்க. ஒவ்வொரு ஆளுக்கும் நாலு வரி பதிஞ்சு தனி போல்டர்ல போட்டு வைங்க, மூணு வாரம் கழிச்சு அந்த ஆளு திரும்ப வரும்போது கேட்டுட்டு வாசிக்கலாம்.

இப்ப ரூமுக்கு வருவோம். நம்ம ஊர்ல ரெக்கார்டிங்க்கு மொத எதிரி பேன். சித்திரை, வைகாசி வெயில்ல பேன் இல்லாம ரூமுக்குள்ள இருக்கிறது லேசுபட்ட காரியம் இல்ல, ஆனா பேன் ஓடுனா அந்த இரைச்சல் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில கெடக்கும், சாப்ட்வேர்ல தொடச்சா குரலும் சேந்து தகரமா ஆயிரும். அதனால இருபது நிமிஷம் வாசிங்க, வெளிய வந்து பேன்ல உக்காருங்க, தண்ணி குடிங்க, திரும்பப் போங்க. வேற வழியில்ல. எந்த ரூமுன்னா ஜன்னல் கொறஞ்ச ரூமு, பீரோவும் துணியும் மெத்தையும் கெடக்குற ரூமு. மொசைக் தரை, காங்கிரீட் தளம், வெறும் சொவரு, இந்த மூணும் சேந்தா கெணத்துக்குள்ள பேசுற மாதிரிதான் இருக்கும். கையத் தட்டிப் பாருங்க, தட்டுன சத்தம் அப்படியே செத்துட்டா நல்ல ரூமு, "ட்ரிங்"னு ஒரு வாலு வந்தா இன்னும் துணி வேணும். பழைய இலவம்பஞ்சு மெத்தைய பின்னால சாச்சு வைங்க, கொடிக்கயிறு கட்டி ரெண்டு பக்கமும் கனமான போர்வையத் தொங்க விடுங்க, கீழ ஜமுக்காளம். பத்தமடைப் பாய் அழகு, ஆனா மெலிசா இருக்கிறதால சத்தத்த பெருசா உறிஞ்சாது. முட்டை அட்டைய சொவத்துல ஒட்டுறதுல பிரயோஜனம் இல்ல, அந்தக் காசுக்கு ரெண்டு போர்வை வாங்கிக்கலாம்.

வெளிச் சத்தத்துக்கு நேரம்தான் மருந்து. ராத்திரி பத்தரைக்கு மேல இருந்து விடியக்காலம் நாலு மணிக்குள்ள ஒரு அமைதி உண்டு, அதுக்கு அப்புறம் கோயில் பாட்டு, பாங்கு, சர்ச் மணி, பால்காரர், குயிலு. ஊருப்பக்கம் இருக்கிறவங்களுக்கு மயிலு வேற, அது கத்துனா மூணு வீடு தள்ளியும் மைக்குல விழும். கொடை நாட்கள்ல ரேடியோ செட்டு கட்டிட்டாங்கன்னா அந்த மூணு நாளும் எடிட்டிங் வேலைக்கு வச்சுக்கோங்க, சண்டைக்குப் போக வேண்டாம், அது ஊரு சந்தோஷம். ஆனா ஒண்ணு, மாசாந்திர பராமரிப்புக்குன்னு கரண்ட் நிறுத்துற நாள பேப்பர்ல போடுவாங்கள்லா, அத வெட்டி ஒட்டி வச்சுக்கோங்க. அன்னிக்கு பகல்ல தெருவுல ஒரு மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது, டிவி ஓடாது. லேப்டாப்ப மொத நாளே புல் சார்ஜ் போட்டு, யூஎஸ்பி மைக்க மாட்டி உக்காந்தா ராத்திரி கெடைக்கிற அமைதி பட்டப் பகல்லயே கெடைக்கும். பக்கத்துல யாருக்கும் ஜெனரேட்டர் இல்லன்னா அதவிட நல்ல நாள் கெடையாது.

மைக்குக்கு ரொம்ப செலவு பண்ணாதீங்க. கண்டன்சர் மைக் நுணுக்கமா எடுக்கும், ஆனா ரூமு எக்கோவையும் தெருநாயையும் சேத்தே எடுக்கும். டைனமிக் மைக் பக்கத்துல பேசுறத மட்டும் அதிகமா எடுக்கும், சுமாரான ரூமுக்கு அது ஏத்தது. பழகுறதுக்கு போன்ல மாட்டுற காலர் மைக்கே போதும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், நேரா ஊதாம கொஞ்சம் சாய்வா வைங்க. தமிழ்ல ப-வுக்குப் பஞ்சமே இல்ல, "பாட்டியப் பாக்கப் போனப்ப"ன்னு ஒரு வரி வந்தா பட்பட்னு அடிக்கும், முன்னாடி அந்தக் காத்தத் தடுக்குற பாப் பில்டர் ஒண்ணு வச்சுருங்க. சத்தமா கோவமா வர்ற வசனத்துக்கு தலைய கொஞ்சம் பின்னாடி எடுங்க, ரகசியத்துக்கு கிட்ட போங்க. சாப்ட்வேருக்கு ஆடாசிட்டி இலவசமாவே கெடைக்கு. அதுல பஞ்ச் அண்டு ரோல்னு ஒண்ணு இருக்கு, தப்பா வாசிச்சுட்டா கொஞ்சம் பின்னாடி போயி அந்த எடத்துல இருந்து நம்ம குரலக் கேட்டுக்கிட்டே திரும்பப் பதியலாம். மொத நாள்ல இருந்தே இதுல பழகிருங்க, எடிட்டிங் வேலை பாதியாக் கொறையும்.

உடம்பப் பத்தி. இருட்டுக்கடை அல்வாவ வாசிச்சு முடிச்சுட்டுச் சாப்பிடுங்க, நெய்யும் சீனியும் தொண்டையில ஒட்டிச்சுன்னா வார்த்தைக்கு வார்த்தை சப்பு சப்புன்னு சத்தம் வரும். பாலு, தயிரு, காபியும் அப்படித்தான். வெறும் வயித்தோடயும் உக்காராதீங்க, வயிறு கத்துறது மைக்குல நல்லா கேக்கும், ரெண்டு இட்லி சாப்பிட்டு முக்கா மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க. கொலுசு, வளையல கழத்தி வச்சிருங்க, கஞ்சி போட்ட சட்டை அசையும்போதெல்லாம் சரசரக்கும், பழைய பனியனோ நைட்டியோ போதும். குளுந்த தண்ணி வேண்டாம், சாதாத் தண்ணிய அடிக்கடி ஒரு மடக்கு. தொண்டை கட்டிருந்தா அன்னிக்கு வாசிக்கவே வேண்டாம், நேத்து வாசிச்ச அத்தியாயத்துக்கும் இன்னிக்கு வாசிச்சதுக்கும் குரல் மாறிட்டா ஒட்டவே ஒட்டாது. இதே காரணத்துக்காகத்தான் தெனம் ஒரே நேரத்துல, ஒரே நாற்காலியில, மைக்குக்கு ஒரே தூரத்துல உக்காரணும்.

நேரக் கணக்கு போடாம யாருக்கும் தேதி குடுக்காதீங்க. கேக்குறவரு காதுல விழுற ஒரு மணி நேரத்துக்குப் பின்னாடி, வாசிக்க ரெண்டு மணி, எடிட் பண்ண மூணு மணி, சரிபாக்க ஒரு மணின்னு மொத்தம் ஆறு மணி நேரமாவது நிக்குது, புதுசா வாறவங்களுக்கு இன்னும் கூடும். புஸ்தகம் எத்தன மணி நேரம் வரும்னு தெரிய, நடுவுல இருந்து அஞ்சு பக்கத்த உண்மையான வேகத்துல வாசிச்சு நேரம் பாத்து, அத அஞ்சால வகுத்து மொத்தப் பக்க எண்ணிக்கையால பெருக்குங்க. இங்கிலீஷ்காரங்க வார்த்தைக் கணக்கு நமக்கு ஒத்துவராது, நம்ம வார்த்தை நீளம்.

டெக்னிக்கல் அளவுன்னு பாத்தா, அமேசானோட ஆடியோ புக் தளமான ஏசிஎக்ஸ் வச்சிருக்கிறத எல்லாருமே ஒரு அளவுகோலா எடுத்துக்கிறாங்க. சராசரி சத்தம் ஆர்எம்எஸ் அளவுல மைனஸ் 23-ல இருந்து மைனஸ் 18 டெசிபலுக்குள்ள, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, யாரும் பேசாதப்ப இருக்கிற ரூமு இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழ. எம்பி3 பைல், 192 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒரு பைல் 120 நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் ரூமோட அமைதி. அந்த அமைதிய தனியா ஒரு நிமிஷம் பதிஞ்சு வச்சுக்கோங்க, இருமல வெட்டுன எடத்துல முழு மௌனத்தப் போட்டா காதுல பள்ளம் விழுந்த மாதிரி தெரியும், ரூமோட அமைதியப் போட்டா தெரியாது. மூச்சு சத்தத்த மொத்தமா அழிக்காதீங்க, மூச்சே விடாத ஆளு பேசுற மாதிரி ஆயிரும், பெருசா கேக்குறத மட்டும் கொறைங்க. கடைசியில வேற ஒருத்தர்கிட்ட புஸ்தகத்தக் குடுத்து வரி வரியா பாத்துக்கிட்டே கேக்கச் சொல்லுங்க, அவருக்குக் காசும் குடுங்க. நம்ம தப்பு நம்ம காதுக்கு விழாது.

ஏசிஎக்ஸ்ல நேரா கணக்கு தொடங்க அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்துல இருக்கணும், அதனால நம்ம பிள்ளைங்க அங்க போயி தலைய முட்டிக்க வேண்டாம். குக்கு எப்எம், பிரதிலிபி மாதிரி தமிழ்ல ஆடியோ கதை போடுற எடங்கள் இருக்கு, பதிப்பாளருங்களும் இப்ப நேரடியா ஆளு தேடுறாங்க. "செலக்ட் ஆயிட்டீங்க, ட்ரெயினிங் பீஸ் கட்டுங்க"ன்னு யாரு கேட்டாலும் போன வச்சிருங்க. எனக்குத் தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி அப்படி ஒரு எடத்துல காசக் கட்டிட்டு ஒரு பக்கம் கூட வாசிக்கக் கெடைக்காம நின்னா. வேலை குடுக்கிறவங்கதான் நமக்குக் காசு தரணும். பேசும்போது எடிட்டிங் எல்லாம் முடிஞ்சு காதுல விழுற ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோன்னு பேசுங்க, எடிட்டிங் யாரு, திருத்தம் எத்தன தடவைன்னு எழுத்துல வாங்குங்க. அப்புறம் ஒப்பந்தத்துல "குரலைப் பயன்படுத்தி செயற்கைக் குரல் உருவாக்கலாம்"ங்கிற மாதிரி ஒரு வரி ஒளிஞ்சிருக்கான்னு தேடிப் பாருங்க. ஆப்பிள் 2023-லயே மெஷின் குரல்ல ஆடியோ புக் விட ஆரம்பிச்சுட்டு. அந்த வரி இருந்தா அடிக்கச் சொல்லுங்க, அடிக்க மாட்டேன்னா அதுக்குத் தனி வெல பேசுங்க, சும்மா தூக்கிக் குடுத்துராதீங்க.

உரிமை விஷயம் ரொம்ப பேரு கண்டுக்கிறதே இல்ல. பிடிச்ச புஸ்தகத்த வாசிச்சு யூடியூப்ல போட்டுட்டு கீழ "எழுத்தாளருக்கு நன்றி"ன்னு எழுதுனா அது அனுமதி ஆயிராது. நம்ம நாட்டுச் சட்டப்படி எழுத்தாளரு எறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை அவரு குடும்பத்துக்கோ வாங்குனவங்களுக்கோதான். புதுமைப்பித்தன் 1948-ல எறந்தாரு, அப்ப 2008-ஓட முடிஞ்சது, இப்படிக் கணக்குப் போடணும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்குன எழுத்தாளருங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்க எழுத்த யாரு வேணும்னாலும் வாசிக்கலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்துல நூல்கள் கெடைக்கு. மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தவரு உரிமை தனி, அதையும் பாருங்க. கண்ணு தெரியாதவங்களுக்காக மட்டும்னு ஒலி வடிவத்துல மாத்துறதுக்கு 2012 திருத்தத்துல சட்டமே எடம் குடுத்திருக்கு, ஆனா அது அவங்களுக்கு மட்டும்தான் போகணும், பொதுவுல ஏத்தக் கூடாது.

ஆரம்பிக்க எடம் தேடுறவங்களுக்கு ரெண்டு வழி சொல்லுதேன். ஒண்ணு, 1963-ல இருந்து ஓடுற நம்ம திருநெல்வேலி வானொலி. தற்காலிக அறிவிப்பாளருக்கு குரல் தேர்வு அறிவிச்சா விடாமப் போங்க, கெடைக்காட்டியும் ஒரு ஸ்டூடியோவுல மைக் முன்னாடி உக்காந்து எழுதுனத பேசுற மாதிரி வாசிச்ச அனுபவம் மிச்சம். இன்னொண்ணு லிப்ரிவாக்ஸ், 2005-ல இருந்து உலகம் பூரா தன்னார்வலருங்க காப்புரிமை இல்லாத நூல்கள வாசிச்சு இலவசமாக் குடுக்கிற எடம். காசு கெடையாது, ஆனா யாரு வேணும்னாலும் சேரலாம். அவங்க அமெரிக்கச் சட்டப்படி பாப்பாங்க, அதனால நல்ல பழைய நூலா எடுங்க. மொதல்ல ஒரு நிமிஷ டெஸ்ட் பதிவு கேப்பாங்க, 128 கேபிபிஎஸ் எம்பி3-ல. ரூமுல இரைச்சல் இருக்கா, சத்தம் சரியா இருக்கான்னு அங்க உள்ளவங்களே கேட்டுச் சொல்லுவாங்க. காசு குடுக்கிற எடத்துக்கு சாம்பிள் அனுப்புறதுன்னா ரெண்டு நிமிஷம் கதை சொல்லுற தமிழ், ரெண்டு நிமிஷம் நெல்லைப் பேச்சு வசனம், ஒரு நிமிஷம் கட்டுரைன்னு தனித்தனி பைலா அனுப்புங்க, பின்னணி மியூசிக் போடாதீங்க, குரல மறைக்கிறோம்னு நெனப்பாங்க. பைலுக்குப் பேரு வைக்கும்போது உங்க பேரும் என்ன வகைன்னும் இருக்கட்டும், "நியூ ரெக்கார்டிங் 7"ன்னு வந்த பைல யாரும் தெறந்து பாக்க மாட்டாங்க.